அண்ணி கஞ்சி போட்ட ஞாயிறுகள்

எங்கள் அண்ணி ஒரு மனிதரைப் பார்த்தால் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார், காலரைப் பார்ப்பார். அந்த வீட்டில் யார் துவைக்கிறார்கள், எந்த மனநிலையில் துவைக்கிறார்கள் என்பதைக் காலரே அவருக்குச் சொல்லிவிடும். எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியரை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு, "உங்க ஹெட்மாஸ்டர் வீட்ல மூணு வாரமா பேச்சுவார்த்தை இல்ல போலிருக்கே" என்றார். விசாரித்தேன். உண்மை.

இது ஜோசியம் இல்லை, தொழில். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் அண்ணிக்கு இருபத்திரண்டு வருட வேலை, கடைசி ஆறு வருடம் மேற்பார்வையாளர். தரைத்தளத்துக்கும் கீழே ஜன்னல் இல்லாத நீள அறை. ஒரு மூலையில் அழுக்கு மூட்டைகள் குழாய் வழியாக வந்து விழும். சுவரோரம் ஆள் உயர இயந்திரங்கள். நடுவில் ஈர விரிப்பை ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் காகிதம் போல் துப்பும் சூடான உருளை. ரத்தக் கறை என்றால் குளிர்ந்த தண்ணீர், வெந்நீர் பட்டால் கறை ஆயுளுக்கும் போகாது என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்கு அண்ணிதான் சொல்லிக்கொடுப்பார். எட்டு மணி நேரம் ஊரார் துணி. வீட்டுக்கு வந்தால் என் அண்ணனும் மூன்று பிள்ளைகளும் அவிழ்த்துப் போட்ட துணி. அதற்கும் மேலே, கோயில் பை.

கோயில் பை என்பது ஒரு காக்கித் துணிப்பை. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும், கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் அதைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போவார். உள்ளே பங்குசாமியார் பூசைக்கு உடுத்தும் நீள வெள்ளை அங்கி, அதற்கு அடியில் கழுத்தைச் சுற்றிக் கட்டும் சின்னத் துணி, பீடத்து விரிப்பு, பூசையில் திராட்சை ரசம் வார்க்கும் கிண்ணத்தைத் துடைக்கும் துண்டுகள். கிண்ணம் துடைத்த துண்டை அலசிய முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும் என்பது முறை. அண்ணி அதை வாசல் தொட்டிச் செடிக்கு ஊற்றுவார். அந்தச் செடி மட்டும் உரமே இல்லாமல் செழித்தது. "பார்த்தியா" என்பார் அண்ணி. "அதுல சோப்பு இல்ல அண்ணி, மத்த தொட்டிக்கெல்லாம் நீங்க சோப்புத் தண்ணி ஊத்தறீங்க" என்பேன். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. பதினாறு வயதில் ஞானோபதேச வகுப்பில் ஒரு கேள்வி கேட்டதற்காக வெளியே நிறுத்தப்பட்டேன். திரும்ப உள்ளே கூப்பிட அவர்கள் மறந்துவிட்டார்கள், நானும் ஞாபகப்படுத்தவில்லை.

பதினெட்டு வருடம். ஞாயிறு வந்த பை சனிக்கிழமை காலை மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும். ஒரு வாரம் தவறியதில்லை. கடைசிப் பிள்ளை பிறந்த வாரத்தில்கூட. பெண்கள் செய்தால் இதற்குப் பெயர் ஊழியம். ஆண்கள் செய்வதற்குப் பெயர் பொறுப்பு; அதற்கு நாற்காலி உண்டு, கூட்டம் உண்டு, கூட்டத்தில் பிஸ்கட் உண்டு.

அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில்தான் வினை தொடங்கியது. கோயிலை நிர்வகிக்கும் பங்குப் பேரவையில் பதினொரு பேர், பதினொருவரும் ஆண்கள். சாமியார் வீட்டுக்கு ஒரு சலவை இயந்திரம் வாங்கலாமா என்று பேச்சு வந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தின் முடிவில் சாமியார் அந்தச் செய்தியைச் சொன்னார். "பேரவை யோசிச்சுப் பார்த்துச்சு. வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். நமக்குத்தான் ஆண்டவரே ஒரு மெஷினைக் கொடுத்திருக்காரே. கரண்டும் கேட்காது, ரிப்பேரும் ஆகாது." கையை அண்ணி உட்கார்ந்திருந்த வரிசைப் பக்கம் நீட்டினார். கோயிலே சிரித்தது. அண்ணியும் சிரித்தார்.

அந்த வாரம் அண்ணி கழுத்துத் துணிக்குக் கஞ்சி போட்டார்.

கஞ்சி எப்போதும் போடுவதுதான், லேசாக. இது வேறு. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ்கள் படகு மாதிரி தொப்பி வைத்திருந்தார்கள். அந்தத் தொப்பி மழையில் நனைந்தாலும் தலையில் விறைத்து நிற்பதற்குச் சலவைப் பிரிவில் ஒரு தனிக் கஞ்சி காய்ச்சுவார்கள். தொப்பி ஒழிந்து வருடக்கணக்காகிறது, பக்குவம் அண்ணி கையில் இருக்கிறது. அந்தக் கஞ்சியில் இரண்டு முறை முக்கி, காயவைத்து, சூடான இஸ்திரியில் அழுத்தினால் துணியின் ஓரம் தகரம் மாதிரி ஆகிவிடும். பார்வைக்குப் பளபளவென்று இருக்கும். கழுத்துக்குத்தான் தெரியும்.

இரண்டாம் ஞாயிறு சாமியாரின் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. மூன்றாம் ஞாயிறு அவர் சோப்பை மாற்றினார். நான்காம் ஞாயிறு தோல் டாக்டர், களிம்பு, முட்டை சாப்பிடக்கூடாது என்று பத்தியம். ஐந்தாம் ஞாயிறு பொது மன்றாட்டில் அவருடைய கழுத்து சேர்ந்துகொண்டது. நோயாளிகளுக்காக, ஏழைகளுக்காக, உலக சமாதானத்துக்காக, பிறகு நம் பங்குத்தந்தையின் தோல் நலத்துக்காக. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று ஊரே சொன்னபோது அண்ணியும் சொன்னார். அடுத்த நாள் போய் மறுபடி கஞ்சி காய்ச்சினார்.

என்னைப் போன்றவளுக்கு இது ஒரு நல்ல கதை, அவ்வளவுதான். அண்ணிக்கு இது பாவம். தெரிந்தே, திட்டமிட்டு, ஒரு மனிதரை வதைப்பது, அதுவும் குருவானவரை. குருவிடம் பாவத்தைச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்பு வாங்காமல், பூசையில் கொடுக்கும் நன்மை என்ற அப்பத்தை வாங்கக்கூடாது என்பது அவர் நெஞ்சில் எழுதியிருக்கும் சட்டம். ஆனால் யாரிடம் சொல்வது? கேட்க வேண்டியவர் கழுத்தில் களிம்போடு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துப் பங்குச் சாமியார்கள் எல்லாரும் திங்கட்கிழமை அவரோடு வாலிபால் ஆடுகிறவர்கள். அண்ணியின் குரலை எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே ஆறு ஞாயிறாக அண்ணி நன்மை வாங்கவில்லை. எங்கள் கோயிலில் வரிசை வரிசையாக எழுந்து போவார்கள். எழாமல் உட்கார்ந்திருக்கும் ஒரே ஆளைத் தாண்டித்தான் மற்றவர்கள் போக வேண்டும், போகும்போது முழங்கால் இடிக்கும், இடித்த ஒவ்வொருவரும் குனிந்து பார்ப்பார்கள். நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் உண்ணக்கூடாது என்று ஒரு விதி உண்டு. அண்ணி அதைப் பிடித்துக்கொண்டார். கோயில் வாசலிலேயே பிளாஸ்க்கைத் திறந்து, நாலு பேர் பார்க்க டீ குடித்துவிட்டு உள்ளே போவார். "டீ குடிச்சிட்டேன், மறந்துட்டேன்" என்று ஒரு வாரம் சொல்லலாம். ஆறு வாரம் மறக்கும் டீயைப் பற்றிப் பாடகர் குழுத் தலைவி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அவர் முடிவுக்கு வந்தால் தெரு முழுவதும் வந்துவிடும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அடுத்த ஞாயிறு கடைக்குட்டிக்குப் புதுநன்மை. ஒன்பது வயதுப் பெண், முதல் முறையாக நற்கருணை வாங்கப் போகிறாள். தாயும் தகப்பனும் இரண்டு பக்கமும் நின்று கூடவே வாங்க வேண்டும். அன்றைக்கு டீ பலிக்காது.

"இந்த சனி ஞாயிறு நானும் நீயும் எங்கேயாவது போயிட்டு வரலாமா?" என்று அண்ணி என்னிடம் கேட்டபோது எனக்கு ஒன்றும் தெரியாது. கல்யாணமாகி இருபது வருடத்தில் அவர் வீட்டை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கியது பிரசவத்துக்கு மட்டும்தான்.

"தாராளமா போகலாம். கடற்கரை ஊருக்குப் போவோம். என்ன திடீர்னு?"

"ஓய்வு எடுக்கணும்."

அந்த வார்த்தையை அண்ணி புதுச் செருப்பைப் போட்டுப் பார்ப்பதுபோல் சொன்னார்.

பஸ் ஊரைத் தாண்டியதும் எல்லாவற்றையும் சொன்னார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். முன் இருக்கைக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

"சிரிக்கிறியா?"

"இல்ல அண்ணி. ஏன் என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"நீ ஒருத்திதான் இதைப் பாவம்னு நினைக்க மாட்டே. அதனால வெளிய சொல்ல மாட்டே."

"இன்னைக்குக் காலைல பையைக் கொடுத்துட்டுத்தானே வந்தீங்க? நாளைக்கு உடுத்தற துணில..."

அண்ணி மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கை கேட்க மாட்டேங்குதுடி" என்றார்.

விடுதி அறையில் கடல் தெரியும் ஜன்னல் ஒன்று இருந்தது. அண்ணி அதைப் பார்க்கவில்லை. கட்டில் விரிப்பின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்தார். "கடைசி அலசலை விட்டுட்டாங்க" என்று சொல்லி, விரிப்பை உருவி, உதறி, ஆஸ்பத்திரி மடிப்பில் மூலைகளை இழுத்துக் கட்டினார். என் கட்டிலையும் கட்டினார். வராந்தாவில் தள்ளுவண்டியில் அடுக்கியிருந்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தபோது கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அதற்குள் அண்ணன் போன் செய்தார்.

"பிள்ளையோட வெள்ளை சாக்ஸ் எங்க இருக்கு?"

"சாக்ஸ் இருக்கிற இடத்துல."

"அது எங்கன்னுதானே கேட்கிறேன்."

"பதினெட்டு வருஷமா ஒரே இடம்தாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்த பிறகு போனையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு அப்போதுதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாவசங்கீர்த்தனம் என்று அந்த ஊர்க் கோயில் பலகையில் போட்டிருந்தது. நாலரைக்கே போனோம். கட்டி ஒரு வருடம்கூட ஆகாத கோயில். வட்டமாக, தூண் இல்லாமல், தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருந்தது. பெஞ்சுக்குப் பதில் மெத்தை வைத்த நாற்காலிகள்.

"இங்க முழங்கால் போடறது எங்க?" என்று அண்ணி கவலைப்பட்டார்.

"போட வேண்டாம்னுதான் மெத்தை வெச்சிருக்காங்க போலிருக்கு."

"அப்ப வலிக்காதே."

அதைவிடப் பெரிய அதிர்ச்சி சுவரோரம் இருந்தது. அண்ணி பழகியது இருட்டுக் கூண்டு: நடுவில் சல்லடைத் தடுப்பு, இந்தப் பக்கம் பாவி, அந்தப் பக்கம் சாமியாரின் காது. இங்கே நாலு பக்கமும் கண்ணாடி போட்ட ஓர் அறை, உள்ளே விளக்கு, எதிரெதிரே இரண்டு நாற்காலி. சத்தம் வெளியே வராது, ஆனால் உள்ளே நடப்பது எல்லாருக்கும் தெரியும்.

"மீன் தொட்டி மாதிரி இருக்கே" என்றார் அண்ணி. "வா, போயிடலாம்."

எனக்கு அந்தக் கண்ணாடி பிடித்திருந்தது. மூடிய அறைக்குள் யாரும் யாரோடும் தனியாக மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. இதை எல்லா ஊரிலும் எப்போதோ செய்திருக்க வேண்டும். ஆனால் அப்போது அதைப் பற்றிப் பேச நேரமில்லை.

"அண்ணி, அடுத்த ஞாயிறு பிள்ளைக்குப் புதுநன்மை. அதுக்கு முந்தின சனிக்கிழமை வீட்டு வேலையை விட்டு நீங்க நகர முடியாது. உள்ள போங்க."

"நீயா சொல்றே?"

"நான்தான் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

ஐந்து மணிக்குச் சாமியார் வந்தார். நடுவயது, மூக்குக்கண்ணாடி, சுருங்கிப்போன சட்டை. அண்ணி காலரைப் பார்த்தார். "இவர் தானே துவைச்சுக்கிறவர்" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார்.

எனக்குப் பக்கத்தில் காத்திருந்தவர்கள் இரண்டு பேர். தொப்பி வைத்த பெரியவர் ஒருவர், குடை வைத்திருந்த அம்மா ஒருவர். முதல் ஐந்து நிமிடம் இருவரும் ஜெபம் செய்தார்கள். பிறகு கண்ணாடிப் பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள். பார்க்காமல் இருக்க முடியாது. தொழிலைப் பற்றிப் பேசினால் அண்ணிக்குக் கைதான் வாய். உள்ளே அவர் இரண்டு முஷ்டியையும் சேர்த்து முறுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, எதையோ பிழியற மாதிரி காட்டறாங்க" என்றார் குடைக்காரம்மா.

"துணியா இருக்கும்" என்றார் தொப்பிக்காரர்.

அண்ணி இரண்டு கையையும் தன் கழுத்தைச் சுற்றி வைத்து இறுக்கிக் காட்டினார். பிறகு விரலால் கழுத்தில் ஒரு கோடு இழுத்தார்.

"துணி இல்லைங்க" என்றார் குடைக்காரம்மா.

அண்ணி ஒரு கையின் ஐந்து விரலையும் மறு கையில் ஒன்றையும் தூக்கிக் காட்டினார்.

"ஆறு பேரா?"

"பொறுங்க, யோசிக்கிறாங்க. இன்னொண்ணும் சேர்க்கிறாங்க பாருங்க."

"ஏழு."

"பார்த்தா அப்படித் தெரியலையே. எவ்வளவு நேர்த்தியா உடுத்தியிருக்காங்க."

"நேர்த்தியா உடுத்தறவங்கதாங்க நேர்த்தியா செய்வாங்க."

சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"ஃபாதர் அழறார்" என்றார் குடைக்காரம்மா.

தொப்பிக்காரர் என் பக்கம் சாய்ந்தார். "நீங்க அவங்க கூட வந்தவங்கதானே?"

"ஆமாங்க. நாத்தனார்."

அவர் என் கழுத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். குடைக்காரம்மா, "என்னோடது சில்லறைப் பாவம், அடுத்த வாரம் வரேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே நடந்த பேச்சை அண்ணி அன்றே சொன்னார். பாவசங்கீர்த்தன ரகசியம் சாமியாரைத்தான் கட்டும், பாவியைக் கட்டாது.

சாமியார் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலைக்கு வந்திருக்கிறார். "சரிம்மா. செஞ்சதுக்கு மனஸ்தாபம் இருக்கா?"

"கழுத்துக்கு இருக்கு சாமி. கோபத்துக்கு இல்ல."

"கழுத்துக்கு மட்டும் தனியா மன்னிப்பு கொடுக்க முடியாதேம்மா."

"அவர் சொன்னதைவிட, நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன் பாருங்க, அதுதான் சாமி எனக்கு ஆறல."

சாமியார் மூக்குக்கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "கோபம் வந்தது தப்பில்ல. கஞ்சிதான் தப்பு. இனிமே செய்ய மாட்டேன்னு உறுதி எடுத்துக்கிறீங்களா?"

"அதை எப்படி சாமி சொல்றது? இன்னைக்கு உங்ககிட்ட வரணும்னு பஸ் ஏறின காலைலயே கஞ்சி போட்டதைக் கொடுத்துட்டுத்தானே வந்தேன். அந்தத் துணி கைக்கு வந்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"உறுதி இல்லாம நான் மன்னிப்பு கொடுக்க முடியாது."

"தெரியும் சாமி."

"எல்லாரும் உறுதின்னு சொல்லிட்டுத்தான் போறாங்க. நீங்களும் சொல்லுங்களேன்."

"இங்க வந்து பொய் சொன்னா அது இன்னொரு பாவம். அதைச் சொல்ல நான் இன்னொரு ஊர் தேடணும்."

நான் வெளியிலிருந்து பார்த்தபோது அண்ணி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். பிள்ளையின் வெள்ளை உடையும், பக்கத்தில் எழாமல் உட்கார்ந்திருக்கும் தானும் கண் முன்னால் வந்ததாகப் பிறகு சொன்னார். சாமியார், "மனஸ்தாப ஜெபத்தையாவது சொல்லுங்கம்மா, அதுக்குள்ள ஏதாவது வழி தெரியுதா பார்ப்போம்" என்றாராம்.

அது ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்தின் முடிவிலும் சொல்லும் ஜெபம். பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள், பெரியவர்களும் அப்படித்தான். அண்ணி நாற்பது வருடமாகச் சொல்லி வந்திருக்கிறார். அன்றைக்கு முதல் முறையாக, வழி தேடிக்கொண்டே சொன்னதால், மெதுவாகச் சொன்னார். பாவத்துக்கு இழுக்கும் சந்தர்ப்பங்களை விட்டு விலகுவேன் என்று ஒரு வரி வரும். அங்கே நின்றுவிட்டார்.

"சாமி, சந்தர்ப்பத்தை விட்டு விலகணும்னு இருக்கே. அது கட்டாயமா?"

"கட்டாயம்தான். பாவத்தை விடறது மட்டும் போதாது, அதுக்குக் கொண்டுபோற வழியையும் விடணும்."

"குடிக்கிறவன் வந்தா சாராயக்கடைத் தெருவுல நடக்காதேன்னுதானே சொல்வீங்க?"

"அதுதான் சொல்வேன்."

"அப்ப எனக்கு அந்தப் பை?"

சாமியார் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். கூரையைப் பார்த்தார். நான் வெளியிலிருந்து இதைப் பார்த்தேன். அவர் படித்த எல்லாப் புத்தகத்தையும் மனசுக்குள் புரட்டுகிறார் என்று தோன்றியது. கடைசியில், "இதுக்கு மாத்து எதுவும் எனக்குத் தெரியலம்மா" என்றார். "பை உங்க கைக்கு வரக்கூடாது."

"அப்ப உறுதி எடுத்துக்கிறேன் சாமி. பையைத் தொட மாட்டேன். துணி இல்லாம கஞ்சி போட முடியாது."

பதினெட்டு வருடமாக நான் வாதாடித் தோற்ற விஷயம் இது. சமத்துவம் என்று பேசினேன், உழைப்புச் சுரண்டல் என்று பேசினேன், புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். அண்ணி ஒவ்வொன்றுக்கும் "ம்" என்று சொல்லிவிட்டு இஸ்திரி போடப் போய்விடுவார். விடுதலை அவர் மனப்பாடம் செய்த ஜெபத்துக்குள்ளேயே மடித்து வைத்திருந்திருக்கிறது. என் புத்தகங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மன்னிப்பு கொடுத்துவிட்டுச் சாமியார் ஒரு பரிகாரமும் கொடுத்தார்: ஊருக்குத் திரும்பும் வரை எந்தத் துணியையும் துவைக்கக்கூடாது, மடிக்கக்கூடாது, நீவிவிடவும் கூடாது. அண்ணி வெளியே வந்தபோது தொப்பிக்காரர் எழுந்து நின்று வழிவிட்டார்.

நூறு ஜெபம் சொல்லச் சொல்லியிருந்தால் அண்ணி சந்தோஷமாகச் சொல்லியிருப்பார். இது கடுமையான தண்டனை. அவர் கைக்குட்டையை நான்தான் அலசினேன், அவர் பார்வையிலேயே நான் அலசியது போதவில்லை என்று தெரிந்தது. மறுநாள் ஞாயிறு பூசையில் முன்வரிசையில் உட்கார்ந்தோம். பீடத்து விரிப்பில் கோணலாக ஒரு மடிப்பு, வலது ஓரத்தில் மெழுகு சிந்திய கறை. அண்ணி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். "காகிதத்தை வெச்சு லேசான சூட்டுல தேய்ச்சா வந்துடும்" என்று என் காதில் சொன்னார். "சொல்றதுக்குத் தடை இல்லையே?"

நன்மை நேரத்தில் எழுந்து போய் வாங்கிக்கொண்டு வந்தார். ஏழு வாரத்தில் முதல் முறை. திரும்பி வந்து நெடுநேரம் கண்ணை மூடியிருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. எல்லா நேரமும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

நாங்கள் வீடு திரும்பியபோது கதவுப் பிடியில் காக்கிப் பை தொங்கிக்கொண்டிருந்தது. "நீ எடு" என்றார் அண்ணி. மறுநாள் வேலை முடிந்து நேராக என்னோடு சாமியார் வீட்டுக்கு வந்தார். பையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். சாமியார் கதவைத் திறந்தார். கழுத்தில் புதுக் கோடு, களிம்பு மினுங்கியது.

"சாமி, இனிமே இது என்னால முடியாது."

"ஏம்மா, என்ன ஆச்சு? உடம்புக்கு ஏதாவதா?"

"இல்ல சாமி. பாவசங்கீர்த்தனத்துல முடிவானது."

சாமியார் அடுத்த கேள்விக்காகத் திறந்த வாயை அப்படியே வைத்திருந்தார். ஒருவர் கூண்டுக்குள் சொன்னதைப் பற்றி எந்தச் சாமியாரும் கேட்கக்கூடாது. "எந்த ஃபாதர்கிட்ட..." என்று ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொண்டார்.

"அப்ப யாரும்மா செய்வாங்க?"

"பேரவையில பதினொரு பேர் இருக்காங்களே சாமி. ஆளுக்கு ஒரு வாரம் போட்டாக்கூட ரெண்டரை மாசத்துக்கு ஒரு தடவைதான் வரும்."

சாமியார் பையை வாங்கிக்கொண்டார். நாங்கள் படி இறங்கினோம். அண்ணி பாதியில் நின்று திரும்பினார்.

"சாமி, யார் துவைச்சாலும் கழுத்துத் துணிக்கு மட்டும் கஞ்சி போட வேண்டாம்னு சொல்லுங்க. புண்ணு ஆறிடும். அது நடந்ததுக்கு எனக்கு வருத்தம்தான்."

சாமியாரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அண்ணியைப் பார்த்தார். கஞ்சி, ஞாயிறு, களிம்பு என்று ஒவ்வொன்றாக அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. கடைசியில் பிரசங்க நாளும் வந்து சேர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் முதலில் சிவந்தது காது. கேட்க முடியாது. சொல்ல முடியாது. "நல்லதும்மா" என்று மட்டும் சொல்லிக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

புதுநன்மை ஞாயிறு வந்தது. நானும் போயிருந்தேன், மருமகளுக்காக. அந்த வாரம் பையை எடுத்துப்போனவர் பேரவைச் செயலாளர். சாமியார் பீடத்தை நோக்கி நடந்தபோது அங்கி முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது, வெந்நீரில் சுருங்கியிருந்தது. அவர் திரும்பியபோது முதுகில் பழுப்பாக, இஸ்திரிப் பெட்டியின் அச்சு, மூக்கு மேலே பார்த்தபடி. கோயில் முழுவதும் ஒரு சலசலப்பு. ஒருவர்கூடச் செயலாளரைப் பார்க்கவில்லை. அத்தனை தலையும் அண்ணி பக்கம் திரும்பியது.

அண்ணி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் டீ குடிக்கவில்லை, அதையும் எல்லாரும் கவனித்திருந்தார்கள். வரிசை எழுந்தபோது வெள்ளை உடையில் பிள்ளை, ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் அண்ணி. சாமியார் முதலில் பிள்ளைக்குக் கொடுத்தார். பிறகு அப்பத்தை அண்ணி முன்னால் உயர்த்தினார். அவர் கழுத்தில் கோடு மங்கிப்போய் இருந்தது. ஒரு கணம் தயங்கினாரோ என்று எனக்குத் தோன்றியது, அது என் கற்பனையாகவும் இருக்கலாம். "ஆமென்" என்றார் அண்ணி. மேல்மாடியில் பாடகர் குழுவுக்குக் கேட்டது.

அந்தக் குழுவின் தலைவி நன்மை வாங்கக் கீழே இறங்கி வந்தவர், திரும்பும் வழியில் எங்கள் வரிசையில் நின்றார். குனிந்து அண்ணியின் காதருகே கேட்டார். "என்னங்க இது, இந்த வாரம் சாமி அங்கியை என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

அண்ணி தன் மூடிய வாயைத் தொட்டுக் காட்டினார். நற்கருணை நாக்கில் இருக்கிறது, பேசக்கூடாது. அது கரைய அரை நிமிடம் போதும். பூசை முடிகிற வரை அண்ணிக்குக் கரையவில்லை.